மூன்று சங்கு, மூன்று தட்டு

பிப்ரவரி 1, 1967. புதன்.

பனி. விடிகாலையில் கொல்லைக் கதவைத் திறந்தால் சவுக்குக் கம்பே தெரியவில்லை. அதன் தலையில் ஆணியடித்த பலகையும் பீங்கான் தட்டும் மட்டும் அந்தரத்தில் நிற்பது போல.

இன்றைய தட்டுகள்: இரவு 1. காலை 1. மதியம் 4.

நாலு. நேற்றும் நாலு. திங்கட்கிழமையும் நாலு.

யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். பூகோள நோட்டின் பின்பக்கம். இந்த நோட்டை வீட்டில் யாரும் பிரிப்பதில்லை. சிம்னி விளக்கின் திரியை இறக்கி வைத்திருக்கிறேன். அம்மா புரண்டு படுத்தால் நிறுத்திவிட வேண்டும்.

முதலிலிருந்து எழுதினால்தான் எனக்கே தெளியும்.

அப்பா ஆற்றங்கரை எண்ணெய் ஆலையில் பாய்லருக்குக் கரி தள்ளும் ஃபயர்மேன். ஆலையின் புகைபோக்கி எங்கள் கொல்லையிலிருந்து தெரியும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அந்தக் கரி எங்கள் தெருவிலும், அதற்கு அப்பால் குப்பத்து மணலிலும் வந்து விழும். மணலில்தான் கருவாடு காய்கிறது. போன வருடம் கருவாட்டில் கரி படிந்து வியாபாரிகள் வாங்காமல் போய்விட்டார்கள். குப்பத்துப் பெண்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூடைகளோடு உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆலையில் புகைக்குழாய்க்குள் தண்ணீர் தெளிக்கிற குழாய் வைத்தார்கள். பொங்கலுக்கு முந்தின வாரம். கரி நனைந்து கீழே விழுந்துவிடும், மேலே வெள்ளைப் புகைதான் போகும் என்றார்கள்.

அது நிஜமா என்று பார்க்கத்தான் தட்டு. சரோஜா அக்கா (இனி ச.அ.) சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்ஸி. படிக்கிறார். சொந்த ஊர் அண்ணாகிராமம் பக்கம். அவர் மூன்று இடத்தில் தட்டு வைத்திருக்கிறார். எங்கள் கொல்லை, குப்பத்து மணல், அவருடைய ஹாஸ்டல் மொட்டைமாடி. ஆலைச் சங்கு ஊதும்போதெல்லாம் தட்டை மாற்ற வேண்டும். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. வைத்த சங்கின் பெயரே தட்டின் பெயர், இரண்டுக்கு வைத்துப் பத்துக்கு எடுப்பது மதியத் தட்டு. ஆறும் பத்தும் நான். இரண்டு மணிக்கு நான் பள்ளியில் இருப்பதால் அம்மா. எடுத்த தட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவி வடிதாளில் வடிக்க வேண்டும். தாளில் ஒரு வட்டம் நிற்கும். காய்ந்ததும் ச.அ. கொடுத்த நிற அட்டையோடு ஒப்பிட்டு எண் போட்டு, சோற்றுப் பசையால் அவர் கொடுத்த தட்டு நோட்டில் ஒட்ட வேண்டும். 0 வெள்ளை, 6 கன்னங்கரேல்.

டிசம்பரில் எல்லாம் நாலும் ஐந்தும். தண்ணீர் வைத்த பிறகு ஒன்று, இரண்டு. ச.அ. சந்தோஷத்தில் என் கன்னத்தைக் கிள்ளினார்.

இப்போது மதியத் தட்டில் மட்டும் நாலு. யாரோ ஏதோ செய்கிறார்கள்.

பிப்ரவரி 2. வியாழன்.

மாதா கோயிலில் மெழுகுவர்த்தி மந்திரித்துக் கொடுத்தார்கள். என் வர்த்தி வழியிலேயே அணைந்துவிட்டது. இங்க் பேனா ஒழுகிப் பாவாடையில் நீலம். ரேஷனில் அரிசி இல்லை, கோதுமைதானாம்.

இரவு 1. காலை 1. மதியம் 4.

அப்பாவுக்கு இந்த வாரம் இரண்டு மணி ஷிப்ட். பத்தரைக்கு வந்தார். நான் பாயில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கேட்டது அப்படியே:

“மேனேஜரு மூணு ஃபயர்மேனயும் நிக்க வெச்சிட்டாரு. தண்ணி வால்வ எவனோ மூடுறான்னாரு. புகை கருப்பா போவுதுன்னு குப்பத்துப் பொம்பளைங்க கேட்டாண்ட வந்து கத்தியிருக்காளுங்க.”

“எவனாம்?”

“தெரிஞ்சா அன்னிக்கே வெளிய அனுப்பிடுவாராம். அப்புறம் இந்த டவுன்ல எந்த பாய்லராண்டயும் நிக்க முடியாதுன்னாரு.”

அம்மா சோறு போட எழுந்தது தெரிந்தது. தட்டு வைக்கும் சத்தம். அப்பா மறுபடியும்: “எலெக்ஷன் முடிஞ்சதும் கலெக்டர் ஆபீசருங்க வராங்க. அந்தச் செதம்பரத்துப் பொண்ணு நோட்டு ஆபீசருக்கு ஒண்ணு, கம்பெனிக்கு ஒண்ணு போவுமாம்.”

பிறகு அப்பா சாப்பிடும் சத்தம் மட்டும். அந்த நேரம் முழுவதும் அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தோன்றியது. கண்ணைத் திறக்கவில்லை.

நோட்டில் நாள் இருக்கிறது. எந்தச் சங்கு என்று இருக்கிறது. ஆலையில் யார் எந்த ஷிப்ட் என்ற பட்டியல் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும்.

ச.அ. ஏன் சங்கு நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்? எல்லார் வீட்டிலும் கடிகாரம் இருக்காது, சங்கு எல்லாருக்கும் கேட்கும் என்றார் அன்று. இப்போது நம்ப முடியவில்லை.

பிப்ரவரி 3. வெள்ளி.

மதியம் 4.

எனக்கு அஞ்சலை அக்கா மேல் சந்தேகம். குப்பத்தில் கருவாடு காய வைப்பவர்களில் இவர்தான் முன்னால் நின்று கத்துபவர். மதியம் எங்கள் கொல்லை வழியாகத்தான் டவுனுக்குக் கூடை தூக்கிப் போகிறார். தட்டு கருப்பானால் லாபம் அவர்களுக்குத்தானே? ஒரு பிடி அடுப்புக்கரியைத் தூவிவிட்டுப் போனால் யாருக்குத் தெரியும்?

பள்ளி முடிந்து வந்தபோது கம்பத்தடியில் நின்று எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பையோடு ஓடிப் போனேன்.

“இன்னாக்கா பாக்குறீங்க?”

“உங்க சாமிக்குப் படையலா இது? ஒரு நாளும் சோத்தக் காணோமேன்னு பாக்குறேன்.”

“அது படிப்புக்கு. தொடாதீங்க.”

“நான் ஏண்டி தொடுறேன்? தொட்டா என் கையி மீன் நாறும், அதையும் உங்க அக்கா எழுதிக்குவா.” பிறகு அம்மாவைப் பார்த்துச் சத்தமாக: “ஏ மேரி, உம் புருசன் பாய்லர்ல கரி போடுறானா, இல்ல பீடிய போடுறானா? நேத்து சாயங்காலம் ஒரு பாய் காரப்பொடி மீனும் கருப்பு மொளவு தூவுனாப்ல ஆயிடுச்சு.”

அம்மா சிரிக்கவில்லை. சாதாரணமாக அஞ்சலை அக்கா எது சொன்னாலும் சிரிப்பவள்.

பிப்ரவரி 4. சனி.

பள்ளி இல்லை. பன்னிரண்டு மணி ரயிலில் ச.அ. வந்தார். கைப்பையில் அவருடைய ஹாஸ்டல் தட்டின் வட்டங்கள். அவையும் சுத்த வெள்ளை இல்லை. அங்கே ஆலையே கிடையாது. கேட்டேன்.

“ரயில் புகை, அடுப்புப் புகை. கூரை மேல படிஞ்ச பழைய கரி காத்துல எழும்பி திரும்ப விழும். புகை பாதியா கொறஞ்சா தட்டுல விழுறது டக்குனு பாதியா கொறஞ்சுடாது பிலோமி. மெதுவாத்தான் கொறையும். ஆனா கொறையும்.” பிறகு மதிய வட்டங்களின் மேல் விரலை ஓட்டினார். “இது மட்டும் ஏன் இப்படி? அஞ்சு நாளும் ஒரே நேரம்.”

“தெரியலக்கா.”

“உங்க அப்பாவுக்கு இப்ப எந்த ஷிப்ட்?”

“தெரியலக்கா.”

சொன்னேன். பொய். அவருடைய முதுகுக்குப் பின்னாலேயே சமையலறைக் காலண்டர் தொங்கியது. அம்மாவுக்கு எழுத வராது. எத்தனை மணிக்குச் சோறு வடிக்க வேண்டும் என்று தெரிவதற்காக அப்பாவின் ஷிப்டை அடுப்புக்கரியால் அதில் குறித்து வைப்பாள். காலை ஷிப்ட் ஒரு கோடு. மதியம் ஒரு வட்டம். இரவு சிலுவை. இந்த வாரம் முழுக்க வட்டம் வட்டமாக இருந்தது. அவர் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் புரிந்திருக்குமா?

அவர் மூன்று மணிக்குப் போனார். நான் கிணற்றடியில் துணி துவைக்கிற மாதிரி ஆறரை வரை தட்டைக் காவல் காத்தேன். ஒரு காக்கை கூட வரவில்லை. அஞ்சலை அக்கா வரவே இல்லை. நாலு மணி வாக்கில் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்த புகை காபிப்பொடி நிறமாகி, பிறகு கருத்தது. இருட்டும் வரை அப்படியே.

மதியம் 4. யாரும் தூவவில்லை. மேலே இருந்துதான் விழுகிறது.

அஞ்சலை அக்கா, மன்னிச்சிடுங்க.

பிப்ரவரி 5. ஞாயிறு.

ஆலைக்கு விடுமுறை. காலைத் தட்டும் மதியத் தட்டும் 1. புகையே இல்லாமல் ஒன்று.

இரண்டாம் பூசை. போன வருடத்துக் குருத்தோலைகளை வீடு வீடாகக் கொண்டு வந்து கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில் பிள்ளை அதை எரித்து, நெற்றியில் பூசும் விபூதிப் புதனுக்குச் சாம்பல் எடுப்பார். எங்கள் வீட்டு ஓலையில் பாதியைக் கரப்பான் தின்றிருந்தது.

அப்பா கோயிலுக்குள் வரவில்லை. கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். எல்லாரும் செருப்பை வெளியில் கழற்றிவிட்டு உள்ளே போக, இவர் மட்டும் ஷூவைக் கழற்றாமல் வாசல் வேப்பமரத்தடியிலேயே பூசை முடியும் வரை நின்றார். யாரோ சொன்னார்கள்: “சவரி இப்ப தொரையாயிட்டாருப்பா, பூட்ஸு இல்லாம நிக்க மாட்டாரு.” அப்பா சிரித்தார். பல் தெரிந்தது, கண் சிரிக்கவில்லை.

அப்பா என்னிடமிருந்து எதையோ மறைக்கிறார். அம்மாவுக்கு அது தெரியும்.

எலெக்ஷன் வேன் இரண்டு ஒரே தெருவில் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டு அரை மணி கத்தின. ஒன்றும் புரியவில்லை.

பிப்ரவரி 6. திங்கள்.

இன்று முதல் அப்பாவுக்குக் காலை ஷிப்ட். ஆறு முதல் இரண்டு வரை. அம்மா காலண்டரில் கோடு போட்டிருந்தாள்.

இரவு 1.
காலை 4.
மதியம் 1.

எழுதிவிட்டு ரொம்ப நேரம் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரமாக மதியத்தில் இருந்த கருப்பு காலைக்கு வந்துவிட்டது. அப்பாவோடு கூடவே.

ஒரு நாள்தானே. காற்று மாறியிருக்கலாம்.

பிப்ரவரி 7. செவ்வாய்.

காலை 5.

ஆனால் இன்று பத்து மணிக்குக் கோயில் பிள்ளை குருத்தோலை எரித்தார். கோயில் எங்கள் கொல்லைக்கு நேர் வடக்கே. அம்மா சொன்னாள், துணியெல்லாம் சாம்பலாகிவிட்டதாம். கேட்டதும் எனக்கு அழுகை மாதிரி ஒரு சந்தோஷம். நோட்டில் குறிப்பு எழுதும் கட்டத்தில் பென்சிலால் எழுதினேன்: “குருத்தோலைச் சாம்பல்.” திங்கட்கிழமை நாலுக்குப் பக்கத்திலும் எழுதினேன். சில வீடுகளில் முதல் நாளே எரித்திருப்பார்களே. யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

பிறகு ச.அ. கொடுத்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஓலைச் சாம்பல் சாம்பல் நிறம். தொட்டால் மாவு. அது மேலே மெல்லிசாக இருந்தது. அதற்குக் கீழே கருப்பு மணி மணியாக, நுனியில் எண்ணெய்ப் பளபளப்போடு. அதைத்தான் ஒரு வாரமாகப் பார்க்கிறேன். எனக்கு அந்த மணிகளின் முகம் கூடத் தெரியும்.

பென்சில் எழுத்தை அழிக்கவில்லை. அழிக்க மனம் வரவில்லை.

பிப்ரவரி 8. விபூதிப் புதன்.

ஒருசந்தி. அரை வயிறு. நெற்றியில் சாம்பல். பள்ளியில் ஒருத்தி, “என்னாடி நீங்களும் பட்டை போட ஆரம்பிச்சிட்டீங்க?” என்று கேட்டாள்.

அப்பா காலையில் வேலைக்குப் போகவில்லை. காலைப் பூசைக்கு வந்தார், இன்றும் மரத்தடியில்தான். சாமியார் வெளியில் வந்து அவர் நெற்றியில் பூசினார். அப்பாவின் காலைப் பார்த்தார், ஏதோ கேட்டார், அப்பா தலையாட்டினார். அப்பாவுக்குப் பதிலாகக் காலை ஷிப்டைப் பார்த்தது கோதண்டம் மாமா. அப்பாவோடு வேலை செய்கிற இன்னொரு ஃபயர்மேன். அவருடைய மதிய ஷிப்டை அப்பா பார்த்தார். மேஸ்திரியிடம் சொல்லவில்லையாம். ஆலைப் பட்டியலில் பழையபடிதான் இருக்குமாம். இது எங்களுக்கும் அவர்களுக்கும் வழக்கம்தான். போன தீபாவளிக்கு அப்பா அவருக்காகப் போனார்.

காலை 1.
மதியம் 4.

அட்டையை மறுபடியும் வைத்துப் பார்த்தேன், நாலுதான். இனிக் காற்று என்றும் ஓலை என்றும் சொல்ல முடியாது. அப்பா காலையில் வீட்டில் இருந்தார், தட்டு வெள்ளை. மதியம் போனார், தட்டு கருப்பு.

வால்வை மூடுவது அப்பா.

ஷிப்ட் மாற்றியது ஆலைக்குத் தெரியாது. பட்டியல்படி இன்று மதியம் கோதண்டம் மாமாவின் பெயர். உலகத்திலேயே இது நான்கு பேருக்குத்தான் தெரியும், அப்பா, அம்மா, கோதண்டம் மாமா, நான். காலண்டருக்கும்.

சற்று முன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். காலையில் அம்மா இன்றைய தேதியில் வட்டம் போட்டிருந்தாள். இப்போது அங்கே ஈர விரலால் தேய்த்த மங்கல். மேலே ஒரு கோடு.

அம்மாவும் மறைக்கிறாள்.

பிப்ரவரி 9. வியாழன்.

காலை 4. எழுதக் கூட வேண்டியதில்லை.

பள்ளியில் தலைவலி என்று சொல்லி மூன்று மணிக்கே வந்துவிட்டேன். கொல்லைக் கதவு உள்ளே தாழ். இடுக்கு வழியாகப் பார்த்தேன். அப்பா முக்காலியில், கால் இரண்டும் பித்தளைத் தாம்பாளத்தில். அம்மா தரையில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவின் கால் விரல்களுக்கு நடுவில் தோலே இல்லை. குதிகாலில் வெள்ளை வெள்ளையாக வெந்த மாதிரி.

“தண்ணியத் தொறந்து வுட்டா கரி எங்க போவும்னு எவனாவது யோசிச்சானா?” அப்பா மெதுவாகப் பேசினார். “மேல போகாத கரி கீழ குழியில வந்து நிக்குது. முழங்கா ஒசரத்துக்குச் சேறு. அள்ளாம வுட்டா மடை அடைச்சிக்கும். ஃபயர்மேன்தான் எறங்கி வாரணும்னு மேஸ்திரி சொல்றான். அந்தத் தண்ணி சும்மா தண்ணியில்ல மேரி. புளியக் கரைச்சி ஊத்துனாப்ல எரியுது.”

“கோதண்டம் அண்ணன் எறங்குறாரே.”

“எறங்குறான். அவனுக்கும் காலு வெந்து கெடக்குது. சாக்கைக் கட்டிக்கினு எறங்குறான். என்னால முடியல. நாலு மணி நேரம் மூடி வெச்சா அன்னிக்கிக் குழி நெரம்பாது. எறங்க வேணாம்.”

“பூட்ஸு கேக்கக் கூடாதா?”

“கேட்டோம். வருது, வருதுன்றாங்க.”

அம்மா கொஞ்ச நேரம் ஊதினாள், குழந்தைக்கு ஊதுவது போல. பிறகு: “பிலோமிக்குத் தெரிஞ்சிடுச்சி.”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்ல வேணாம். அவதான எழுதுறா.”

நான் சத்தமில்லாமல் தெருவுக்குப் போய், மறுபடியும் வாசல் வழியாக வந்தேன், அப்போதுதான் வருகிற மாதிரி. “தலை வலிக்குதும்மா” என்றேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 10. வெள்ளி.

சாயங்காலம் கோதண்டம் மாமா வந்தார், ஷிப்டுக்கு நடுவில், சைக்கிளில். கணுக்கால் வரை சாக்குத் துணி, சணல் கட்டு. சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

“மச்சான் இல்லியா?”

“சந்தைக்குப் போயிருக்காரு மாமா.”

“உன் தட்டு இன்னா சொல்லுது பாப்பா?”

நான் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“புதங்கிழம மதியம் எம் பேருல இருக்குது. தெரியுமில்ல?” கோபமாகத்தான் சொன்னாரா என்று இப்போதும் தெரியவில்லை. “எனக்கு மூணு பொண்ணு. எம் பொண்ணுங்க யாரும் நோட்டு எழுதுறதில்ல.” மணியை ஒரு தடவை அடித்துவிட்டுப் போய்விட்டார்.

நாளைக்கு ச.அ. வருவார். நான் செய்யக்கூடியவை:

1. குருத்தோலைக் குறிப்பை அப்படியே விட்டுவிடுவது. அது இரண்டு நாளுக்குத்தான் ஆகும். மற்ற நாளுக்கு?

2. வட்டங்களைக் கிழித்துவிட்டு, மிச்சமிருக்கும் பழைய ஒன்றுகளை ஒட்டுவது. பசை இருக்கிறது. செய்யலாம். அப்புறம் ஆலைக்காரர்கள் சொல்வார்கள், “பாருங்க, எங்க புகை சுத்தம், கருவாட்டுல கரி எப்படி வந்துச்சோ எங்களுக்குத் தெரியாது.” அஞ்சலை அக்கா மறுபடியும் கூடையோடு ஆபீஸ் வாசலில் உட்கார வேண்டும்.

3. உள்ளது உள்ளபடி. அப்பா வெளியே. கோதண்டம் மாமாவும் வெளியே, அவர் செய்யாத ஒரு புதன்கிழமைக்காக.

மூன்றிலும் யாரோ ஒருவர் போகிறார். குழியைப் பற்றி நோட்டில் எங்கேயும் இல்லை. மேலே போகும் கரியை மட்டுமே எழுதுகிறோம். கீழே விழும் கரிக்கு யார் தட்டு வைத்தார்கள்?

எழுதிக்கொண்டே இருக்கும்போது தோன்றியது. அம்மா இன்று தாம்பாளத் தண்ணீரைக் கொட்ட மறந்திருந்தாள், கிணற்றடியில் மூடி வைத்திருந்தது. சத்தமில்லாமல் போய் ஒரு டம்ளர் எடுத்து வந்தேன். வடித்தேன். வடிய ரொம்ப நேரம் ஆனது, தாள் அடைத்துக்கொண்டது.

6. அட்டையில் இருக்கும் ஆறை விடக் கருப்பு. ஓரத்தில் தாள் கொஞ்சம் அரித்த மாதிரி மஞ்சள்.

பிப்ரவரி 11. சனி.

ரயில் ஒரு மணி நேரம் தாமதம். அதற்குள் நான்கு தடவை முடிவை மாற்றினேன். ஐந்தாவது தடவை பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தேன். தாள் லேசாகக் கிழிந்துவிட்டது.

அப்பா ஷிப்டில். அம்மா கடைக்குப் போய்விட்டாள், வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன்.

ச.அ. நோட்டைப் பார்த்தார். திங்கள், செவ்வாய், புதன். புதனில் நின்றார். மதியம் நாலு, காலை ஒன்று. திருப்பி முந்தின வாரம் பார்த்தார். மறுபடியும் புதன். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவருக்கு ஏற்கனவே தெரியுமா? முதலிலேயே தெரிந்துதான் எங்கள் வீட்டைப் பிடித்தாரா?

“பிலோமி, நான் உன்கிட்ட எந்த ஷிப்ட்னு இனிமே கேக்க மாட்டேன்” என்றார்.

அப்போதுதான் அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன்.

“இது எந்தத் தட்டு?”

“தட்டு இல்லக்கா. காலு கழுவுன தண்ணி.”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குழி, சேறு, சாக்குத் துணி, பூட்ஸ். யார் வால்வை மூடுகிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லாமலே சொன்ன மாதிரிதான். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். நோட்டை விரித்தார். இடம், நேரம், காற்று, நிறம், குறிப்பு என்று கட்டங்கள்.

“இத எந்தக் கட்டத்துல போடுறது?” என்னைக் கேட்கவில்லை, அவரையே கேட்டுக்கொண்டார். “காத்துலேர்ந்து விழுறதத்தான் நான் பாக்குறேன். புகை கொறஞ்சா விழுறது கொறையுதுன்னு காட்டணும், அதான் என் வேல. அது கொறையுது. நெஜமாவே கொறையுது. நான் கொறைஞ்சிடுச்சின்னு நெனச்சது இங்க வந்து கெடக்குதா?”

“யார்ட்ட காட்டுவீங்கக்கா?”

“தெரியலம்மா.”

“ஆபீசர்ட்டயா? கம்பெனியிலயா?”

“நோட்டு ரெண்டு பேருக்கும் போவும், திங்கட்கிழம. அத என்னால நிறுத்த முடியாது. இதக் காட்ட முடியுமான்னு எங்க காலேஜ் சார கேக்கணும்.”

தாளைக் கைக்குட்டையில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மூன்று மணி ரயிலுக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு அந்தத் தாளை அவர் ஜன்னல் வழியாக வீசிவிட்டிருப்பாரோ என்று நினைத்தேன். இல்லை, நேராக மேனேஜர் வீட்டுக்குப் போயிருப்பாரோ. எதற்கும் ஆதாரம் இல்லை. நல்லவர்தான். ஆனால் நோட்டு இப்போது என் கையில் இல்லை.

பிப்ரவரி 12. ஞாயிறு.

வெயில் ஏறிவிட்டது. பனி இல்லை. பருப்பில் புளி அதிகம்.

பூசை முடிந்து வரும் வழியில் அப்பாவிடம் சொன்னேன். தெருவில் சொன்னால் அடிக்க மாட்டார் என்றுதான். அப்பா என்னை அடித்ததே இல்லை, ஆனாலும்.

“நோட்டக் குடுத்துட்டேம்ப்பா. எதயும் மாத்தல.”

நடந்துகொண்டே இருந்தார். பத்து வீடு தாண்டியிருக்கும்.

“எல்லாம் இருக்குதா அதுல?”

“இருக்குதுப்பா.”

“புதங்கிழமயும்?”

“புதங்கிழமயும்.”

“அது கோதண்டத்துப் பேருல விழுமே.” கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் பயமாக இருந்தது. வீட்டு வாசலில் கொஞ்சம் நின்றார். “உன் கையெழுத்து அழகா இருக்குதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சாமே. அம்மா சொன்னா.”

மதியம் அப்பா சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கோதண்டம் மாமா வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து நேராகப் பாயை விரித்தார். மேனேஜரிடம் போகப் போகிறாரா? புதன்கிழமை நான்தான் என்று சொல்லப் போகிறாரா? அம்மா கேட்டதற்கு, “தூங்கணும்” என்றார். தூங்கவில்லை.

பிப்ரவரி 13. திங்கள்.

அப்பாவுக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட். காலண்டரில் ஆறு சிலுவை வரிசையாக.

பள்ளியில் பூகோளப் பரீட்சை. பருவக்காற்றைத் தவிர எதுவும் எழுத வரவில்லை.

காலை 1. மதியம் 1.

நோட்டு இன்று போயிருக்கும். நாள் முழுக்க யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். சைக்கிள் சத்தம் கேட்டபோதெல்லாம். யாரும் வரவில்லை. நாளைக்கு வருவார்களோ என்னவோ.

ஒன்பதரைக்கு அப்பா கிளம்பினார். வாசலில் கேன்வாஸ் ஷூவைக் கழற்றிச் சுவர் ஓரம் ஜோடியாக வைத்தார்.

“இன்னாத்துக்குங்க கழட்டுறீங்க?” அம்மா.

“நனஞ்சா காயாது. ஒரே ஜோடி.”

அம்மா சட்டென்று அவர் சட்டையைப் பிடித்தாள். “வேணாங்க. இன்னிக்கி ஒரு நாளு வால்வ மூடிக்கோங்க. நோட்டுதான் போயிடுச்சே, இனிமே இன்னா?”

“கோதண்டம் பேரும் அதுல இருக்குது மேரி. இனிமே கருப்பு வந்தா ரெண்டு பேருக்கும் வரும்.” பிறகு என்னைப் பார்த்தார். என் கையில் பத்து மணிக்கு வைக்கக் கழுவித் துடைத்த தட்டு இருந்தது. “வெச்சிடு பிலோமி. நாளக்கி வெள்ளையாத்தான் வரும்.”

பத்துச் சங்கு ஊதிவிட்டது. தட்டை வைத்துவிட்டேன். அம்மா விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறாள்.

பிப்ரவரி 14. செவ்வாய்.

பகலில் எழுதுகிறேன், வாசற்படியில்.

ஆறுச் சங்கு ஊதியதும் தட்டை எடுத்தேன். வடித்தேன். வடிதாளில் விளிம்பே தெரியவில்லை. அட்டையை வைத்துப் பார்த்தேன், வட்டம் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தது.

அஞ்சலை அக்கா கொல்லை வழியாகப் போகும்போது, “பிலோமி, மணல வந்து பாருடி! தொடச்சி வெச்சாப்ல கீது. இன்னிக்கி வாளை மீன காயப் போடப்போறேன்” என்று கத்திக்கொண்டே போனார்.

ஆறே கால். இரவு ஷிப்ட் ஆட்கள் இரண்டு பேர் தெருவில் போனார்கள். எங்கள் வீட்டைப் பார்க்காமல் போனார்கள்.

ஆறரை. அம்மா வெந்நீர் வைத்துவிட்டாள்.

ஆறே முக்கால். தெருமுனையில் அப்பா. நடக்கவில்லை, ஒவ்வொரு வீட்டுச் சுவராகப் பிடித்துக்கொண்டு வருகிறார், முழங்கால் வரை கரிச்சேறு.